மாணாக்கர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட வில்லியம் கோசெட்

நம் கலாசாலையில் புள்ளியியலோ, பொருளியலோ, உயிரியலோ கற்கும் மாணவர் யாவரும் ஸ்டூடன்ட் என்பார் பெயரால் வழங்கும் டி-சோதனையை அறிவர். ஆயின், அந்த ஸ்டூடன்ட் யாவர், அவர் எந்தச் சர்வகலாசாலையிற் பேராசிரியராய் அமர்ந்திருந்தார் என வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. அவர் எங்கும் பேராசிரியராய் இருந்தவரல்லர். பீர் காய்ச்சும் ஆலையொன்றில் முப்பத்தெட்டு ஆண்டு ஊழியம் புரிந்தவர். இதனைக் கேட்ட அளவில் நம்முள் சிலர் முகஞ்சுளித்தலும் கூடும். மதுவைப் போற்றுதல் நம் நோக்கமன்று. அவ்வாலையில் எழுந்த ஓர் ஐயம் உலகத்து விஞ்ஞானிகள் அனைவர்க்கும் எங்ஙனம் பயன்பட்டது என்பதனைக் காட்டுதலே நம் கருத்து.

வில்லியம் சீலி கோசெட் என்பது அவர்தம் இயற்பெயர். 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள கான்டர்பரி நகரில் அவர் பிறந்தார். தந்தையார் இராணுவப் பொறியியற் படையிற் கர்னலாய் விளங்கியவர். மைந்தரும் அப்படையிற் சேரவே விரும்பினர். கண்பார்வைக் குறைவு அதற்குத் தடையாயிற்று. பின்னர் வின்செஸ்டர் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டு நியூ காலேஜிலும் பயின்று, 1897-இல் கணிதத்திலும் 1899-இல் ரசாயனத்திலும் முதல் வகுப்பில் தேறினார். அவ்வாண்டே டப்ளின் நகரில் ஆர்தர் கின்னஸ் 1759-இல் நிறுவிய ஆலையில் அமர்ந்தார். கலாசாலைகளிற் சிறந்து தேறிய இளைஞரைத் தேர்ந்து, தொழிலைச் சாஸ்திர முறையில் நடத்துதல் அவ்வாலையார் அக்காலத்து மேற்கொண்ட கொள்கையாகும்.

பீர் காய்ச்சுந் தொழிலில் அளவைக்குள்ள இடத்தை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதனுடன் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்க்க, அது சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமிலவாயுவையும் வெளிவிடும். இதுவே நொதித்தல். சர்க்கரை கலந்த சாறு நீரினும் கனமுடையது. ஆல்கஹாலோ நீரினும் இலேசானது. ஆகவே நொதித்தல் நிகழ நிகழச் சாற்றின் அடர்த்தி குறைந்துகொண்டே வரும். பாலின் தரத்தைப் பால்மானியால் அறிவதுபோல, இவ்வடர்த்தியைச் சாற்றில் மிதக்குந் திரவமானியால் அறியலாம். நீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால், தொடக்கத்தில் 1.050 எனக் காட்டிய மானி முடிவில் 1.010 எனக் காட்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடாகிய 0.040-ஐ ஏறத்தாழ 131-ஆல் பெருக்க, ஆல்கஹால் நூற்றுக்கு 5.2 பங்கு எனப் புலப்படும். அடுத்தடுத்த நாட்களில் மானி மாறாது நிற்பின் நொதித்தல் முடிந்ததென்று கொள்வர். மேனாடுகளில் இல்லத்திலேயே பீர் காய்ச்சுவோர் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர். 1880-ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் கொணர்ந்த சட்டத்தின்படி, நொதிக்குமுன் சாற்றுக்கிருந்த அடர்த்தியைக் கொண்டே பிரிட்டனில் பீர் வரி விதிக்கப்பட்டது. ஆகவே அளவையிற் பிழை நேரின் பொருளும் நட்டமாம்.

கோசெட் எதிர்ப்பட்ட இடர்ப்பாடு யாதெனில், ஒரே சரக்கினைப் பன்முறை அளப்பினும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணே கிடைத்தமையாம். வாற்கோதுமையினின்று கிடைக்கும் சத்து ஏறக்குறைய 133 டிகிரி இருத்தல் வேண்டும். அரை டிகிரிக்கு மேற்பட்ட பிழையை ஆலை பொறாது. இத்தகைய உறுதி பெற எத்தனை முறை அளத்தல் வேண்டும்? 1904-இல் ஆலையாருக்கு எழுதிய அறிக்கையில் அவர் இதற்குக் கணக்கிட்டு விடை கூறினார். இருமுறை அளந்து சராசரி கண்டால், ஐந்தில் நான்கு தடவையே பிழை அவ்வெல்லைக்குள் அடங்கும்; நான்கு முறை அளந்தால் பதின்மூன்றிற் பன்னிரண்டு தடவை அடங்கும். ஆலையின் தேவைக்கு நான்கே போதுமென்பது அவர் துணிபு.

எனினும் அவருக்கு ஐயம் நீங்கிற்றில்லை. அக்காலத்துப் பிழைக் கணிதம் நூற்றுக்கணக்கான அளவீடுகளைக் கருதி அமைந்தது. ஆலையிலோ நான்கும் ஐந்துமே கிடைத்தன. 1905-இல் அவர் அத்துறையில் தலைசிறந்து விளங்கிய கார்ல் பியர்சனைக் கண்டு அளவளாவினார். 1906-இல் அவர்பாற் சென்று ஏறக்குறைய ஓராண்டு கற்றார். பெருந்தொகையான அளவீடுகளிலேயே பழகிய பியர்சனுக்குச் சிறுதொகைகளின் அருமை புலப்படவில்லை. மாணாக்கர் தாமே வழிகாண வேண்டியதாயிற்று.

1907-இல் வெளிவந்த அவரது முதற் கட்டுரை ஈஸ்ட் அணுக்களை எண்ணுதல் பற்றியது. நானூறு சிறு கட்டங்கள் வகுத்த கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பரப்பி, உருப்பெருக்கியால் நோக்கி எண்ணுவர். இவ்வெண்ணிக்கையின் பிழை, எண்ணிய அணுக்களின் மொத்தத்தையே பொறுத்ததென அவர் காட்டினார். நானூறு அணுக்களை எண்ணினால் இருபதளவு பிழை இயல்பாகவே நேரும் என்க.

1908-இற் பயோமெட்ரிகா என்னும் சஞ்சிகையில் வெளிவந்த இரண்டாங் கட்டுரையே அவர் புகழுக்குக் காரணமாயிற்று. அளவீடுகள் சிலவே ஆயின், அவற்றின் சிதறலையும் அச்சிலவற்றினின்றே மதிப்பிடுகிறோம்; ஆதலின் அம்மதிப்பும் ஐயத்திற்கிடமானது. இதனைக் கருதாதவர் தம் முடிவை அளவுக்கு மிஞ்சி நம்புவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டின், பெருந்தொகைக்குப் பிழையின் 1.96 மடங்கு போதும். நான்கே அளவீடுகளாயின் 3.18 மடங்கு கொள்ளல் வேண்டும். தம் கணிதத்தைச் சோதித்தற்கு, 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காய் 750 தொகுதிகளாக்கிக் கணக்கிட்டார். கணினி இல்லாத காலத்தில் இதனைக் கையாற் செய்த பொறுமையை நாம் வியவாதிருக்க இயலுமோ?

ஆலையின் பெயரையும் தம் இயற்பெயரையும் வெளியிடலாகாது என்பது ஆலையார் விதித்த நிபந்தனை. ஆகவே ஸ்டூடன்ட், அஃதாவது மாணாக்கர், என்னும் புனைபெயரைப் பூண்டார். அக்கட்டுரையை அன்று மதித்தோர் மிகச் சிலர். 1912-இற் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த ரொனால்டு ஃபிஷர் என்னும் இளைஞர், அம்முடிவுக்குக் கடுங்கணித நிரூபணம் எழுதி அனுப்பினார். அவரே 1925-இல் வெளியிட்ட நூலால் இச்சோதனையை உலகறியச் செய்தார். பின்னாளில் பியர்சனும் ஃபிஷரும் கடும்பகை பூண்டனர். கோசெட்டோ இருவர்க்கும் நண்பராகவே விளங்கினார். வயற்சோதனைகளை அமைக்கும் முறையில் ஃபிஷரோடு கருத்து வேறுபட்ட போதும் நட்புக் குறைந்திலது.

தோட்டக்கலையிலும், தச்சுத் தொழிலிலும், மீன்பிடித்தலிலும் அவர் ஈடுபாடுடையவர். தம் கையாற் படகும் கட்டியவர். 1935-இல் லண்டனில் எழுந்த புதிய ஆலையின் பொறுப்பேற்று அங்குச் சென்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, அறுபத்தொன்றாம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

நண்பர்களே, சோதனைச்சாலையில் இருமுறை அளந்துவிட்டு, மூன்றாவதைத் தமக்கு வேண்டியவாறு எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடத்தும் இல்லாமலில்லை. கிடைத்தது நான்கே ஆயினும் அந்நான்கையும் உள்ளவாறு எழுதி, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதனையும் உடன் கூறுதலே நேர்மை. அளவு ஒன்று, அதன் ஐயம் மற்றொன்று, இரண்டையுஞ் சேர்த்துரைத்தலே சாஸ்திரம். மேனாட்டு ஆலையொன்றில் இருந்து அதனைக் கற்பித்தவர், தம்மை இறுதிவரை மாணாக்கரென்றே கூறிக்கொண்டார். அப்பெயர் நமக்கும் உரியது. அதற்குத் தக நடத்தல் நம் கடன்.