ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று சரி, என்ன மரம்? மா. கிருஷ்ணன் சொல்லித்தரும் கணக்கு

மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலை வழியாக ஆபீஸ் போகிறவரா நீங்கள்? அந்தச் சாலைக்கு முன்பு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெயர். அங்கே ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்ற வீட்டில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் முக்கியமான இயற்கையியலாளர்களில் ஒருவர். அவர் வாழ்ந்த அந்தச் சாலைக்கு இன்று மெட்ரோ வந்துகொண்டிருக்கிறது.

மெட்ரோவோ, மழைநீர் வடிகாலோ, மேம்பாலமோ... எந்த வேலைக்காக மரம் வெட்டினாலும் நாம் முதலில் கேட்பது, ‘பதிலுக்கு எத்தனை கன்று நடுவாங்க?’ என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது கிருஷ்ணனின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

நரி ஓடிய மயிலாப்பூர்

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியபோது அந்தப் பகுதியில் புதர்க்காடு மிச்சம் இருந்தது. பறவைகள் நிறைய, நரிகள் உண்டு, வெளிமான்கூட உண்டு. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தான். காட்டைத் தேடி அவன் எங்கேயும் போகவில்லை. வீட்டைச் சுற்றியே காடு இருந்தது.

1925-ல் அப்பா இறந்தபோது கிருஷ்ணனுக்கு 13 வயது. 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி.எஃப். ஃபைசன், தென்னிந்திய மலைகளின் தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதியவர். ஃபைசனோடும் அவர் மனைவியோடும் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் கிருஷ்ணன் சுற்றினார். ஒரு செடியை ‘ஏதோ ஒரு செடி’ என்று கடந்து போகாமல் இலை, பூ, காய் பார்த்து அடையாளம் சொல்லும் பழக்கம் அங்கே உறுதிப்பட்டது. வாட்டர்கலர் ஓவியத்தை ஃபைசனின் மனைவியிடம் கற்றுக்கொண்டார்.

வேலை கிடைக்காத பட்டதாரி

முதுகலை முடித்தார், சட்டமும் படித்தார். ஆனால் நல்ல வேலை அமையவில்லை. எழுதியும் படம் வரைந்தும் காலம் தள்ளினார். 1942-ல் பெல்லாரி பக்கத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் செயலாளர் என்று அங்கே அவர் பார்க்காத வேலை குறைவு. சண்டூர் 1949-ல் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்கே திரும்பினார். அதற்குப் பிறகு எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு.

1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். சுமார் 46 ஆண்டுகள் அதை விடாமல் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. இந்திய காட்டுயிர் வாரியத்தில் உறுப்பினராகவும் இருந்தார். 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார்.

அவர் பிடித்த பிடிவாதம்

ஒரு நாட்டின் அடையாளம் அதன் மண்ணிலும், அங்கே இயல்பாக வளரும் தாவரங்களிலும், அங்கே வாழும் விலங்குகளிலும்தான் இருக்கிறது என்பது கிருஷ்ணனின் உறுதியான நிலை. அழகுக்காகவும் வேகமாக வளரும் என்பதற்காகவும் அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடைசிவரை எதிர்த்தார். பச்சையாக இருந்தால் போதும் என்பதை அவர் ஏற்கவில்லை. எந்த மரம், எந்த மண்ணில், எந்த உயிர்களுக்கு உதவுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

சென்னைத் தெருக்களைப் பாருங்கள். மே மாதம் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹர் மடகாஸ்கரைச் சேர்ந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கபாலீசுவரர் கோயிலின் தல மரமான புன்னையையோ, பூவரசையோ, புங்கனையோ நம்மில் எத்தனை பேரால் தெருவில் அடையாளம் காட்ட முடியும்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. கிளை எளிதில் முறியும் அயல் மரங்கள் அதில் ஏராளம். மரத்தின் வகை மட்டும் காரணம் இல்லைதான். வடிகாலுக்காக வேரை வெட்டுவது, அடிமரம் வரை சிமென்ட் பூசுவது ஆகியவையும் சேர்ந்துதான் மரத்தைச் சாய்க்கின்றன.

இப்போது விதி என்ன?

மகாராஷ்டிரத்தில் 1975-லும், கர்நாடகத்தில் 1976-லும், டெல்லியில் 1994-லும் மரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1955-லேயே ஒரு சட்டம் உண்டு. ஆனால் அது மலைப் பகுதிகளுக்கு மட்டும். மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ அடையாறுக்கோ பொருந்தாது.

இங்கே கைகொடுப்பது 2021-ல் வந்த அரசாணை. அதன்படி மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சாலையோரம், பூங்கா, அரசு அலுவலக வளாகம் போன்ற பொது நிலத்தில் நிற்கும் மரத்தை அரசுத் துறையே ஆனாலும் நினைத்தவுடன் வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால்தான் வெட்டலாம். வெட்டினால், ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் தி.நகர் பனகல் பூங்காவில் மெட்ரோவுக்காக மரங்கள் அகற்றப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு மரத்தின் நிழலை, நகரத்துக்கு வெளியே எங்கோ நட்ட பத்துக் கன்றுகள் தி.நகருக்குத் தருமா? எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் அந்த மரத்தை நம்பியிருந்த வௌவாலுக்கும், அதன் கீழே இளநீர் விற்றவருக்கும் எதுவும் சரியாகாது.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் தெருவில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைக்கலாம். பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இருந்தால், பதிலுக்கு எந்த வகைக் கன்று, எந்த இடத்தில், யார் பொறுப்பில் வளரும் என்று அடுத்துக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

அப்படிக் கேட்க, வெட்டப்படுவது என்ன மரம் என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிருஷ்ணன் அதைத் தெரிந்துகொள்ள ஃபைசனோடு மலை ஏறினார். நம் கையில் போன் இருக்கிறது. இன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, வழியில் நிற்கும் ஒரு மரத்தின் பெயரையாவது தெரிந்துகொள்ளலாம்.