குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு நம்மிடம் ஒருவருடைய ஜீவிய சரிதத்தை எழுதித் தருமாறு பணித்தனர். புலவர்களையும் தேசத் தலைவர்களையும் பற்றி எழுத நம் சங்கத்தில் நம்மினும் வல்லார் பலர் உளர். ஆகவே, நாம் நெடுநாளாக நெஞ்சில் வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொண்டோம். அவர் குத்துச்சண்டையால் பிழைத்தவர். முஷ்டியால் பிழைத்தவருக்குச் சங்க மலரில் இடம் ஏது என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவருடைய வாழ்வில் ஒரு பாதி கோதாவில் நடந்தது; மறு பாதி கணக்குப் புத்தகத்தில் நடந்தது. ரெயில்வேயில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பேரேடு எழுதிவரும் நமக்கு அந்த மறு பாதியே அதிகமாக உறுத்துகிறது.

ஜோசப் லூயிஸ் பாரோ என்பது அவர் முழுப்பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தில் லாபயெட் என்னும் ஊருக்கு அருகே, 1914-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் தேதி பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் அடிமைகளாயிருந்தவர்களின் மக்கள். பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது வாழ்ந்தவர்கள். எட்டுக் குழந்தைகளில் ஜோ ஏழாமவர். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தைக்குச் சித்தம் பேதலித்து மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். பின்னர் அவர் இறந்துவிட்டார் என்றே குடும்பத்தார் நம்பினர். தாய் லில்லி, பாட் புரூக்ஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். உண்மையிலோ தந்தை அவ்விடுதியிலேயே 1938 வரை உயிரோடிருந்தார். தம் மகன் உலகம் புகழும் வீரனானதை அறியாமலே அவர் கண்ணை மூடினார் என்பர்.

1926-இல் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. தெற்கே வெள்ளையரின் கொடுமை ஒரு புறம். வடக்கே மோட்டார்த் தொழிற்சாலைகளின் கூலி மறு புறம். பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டுப் புறப்படுவது இன்னதென்று நம் காலனியில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. பள்ளிப் படிப்பு ஜோவுக்கு ஏறவில்லை; தச்சு வேலை கற்கும் பள்ளியில் சேர்த்தனர். மகன் சங்கீதம் கற்று முன்னுக்கு வரவேண்டும் என்பது தாயின் ஆசை. பிடில் வாசிக்கக் கற்கும் பொருட்டு வாரம் 50 சென்ட் கொடுத்து அனுப்பினார். ஜோ அந்தக் காசைக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் கட்டினார். அம்மாவுக்குத் தெரிந்தபோது அவர் அடிக்கவில்லை. அதையாவது ஒழுங்காகச் செய் என்று விட்டுவிட்டார். நம் வீடுகளில் இவ்வளவு பொறுமை உண்டா என்பது சந்தேகமே!

1932-இல் நடந்த முதல் போட்டியில் ஒலிம்பிக் வீரர் ஜானி மைலரிடம் இரண்டே ரவுண்டில் ஏழு முறை கீழே விழுந்து தோற்றார். கிடைத்தது ஏழு டாலருக்கு ஒரு கடைச்சீட்டு. அதன்பின் போர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சில மாதங்களில் மீண்டும் கையுறை மாட்டினார். 1934-இல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியனாகி, அவ்வருஷம் ஜூலை 4-ஆம் தேதி சிகாகோவில் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். முதல் சம்பளம் 59 டாலர்.

அவரை ஆதரித்தவர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக் என்னும் இரண்டு கறுப்பர்கள். பயிற்றுவித்தவர் ஜாக் பிளாக்பர்ன். கொலைக்குற்றத்துக்காகச் சிறையிலிருந்து மீண்ட பழைய குத்துச்சண்டைக்காரர். காலடி வைப்பதிலும் சமநிலையிலும் அவர் ஜோவைச் செதுக்கினார். குறுகிய தூரம் சென்று பாயும் அடியின் வலிமை தோளில் அன்று, காலில் பிறக்கிறது என்பதே அவர் பாடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் 1908 முதல் 1915 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்தார். தோற்றவரைக் கண்டு சிரித்தார். வெள்ளைப் பெண்களை மணந்தார். வெள்ளையர் அதை மன்னிக்கவேயில்லை. அதன்பின் இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கறுப்பருக்கும் அப்பட்டத்துக்காகப் போட்டியிட வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஆகவே ராக்ஸ்பரோ ஜோவுக்குச் சில விதிகள் வகுத்தார். வெள்ளைப் பெண்களோடு படம் எடுத்துக்கொள்ளலாகாது; வீழ்ந்த எதிரியின் முன் களிக்கலாகாது; இரவு விடுதிக்குத் தனியே போகலாகாது. இருபது வயது இளைஞர் கோதாவில் வென்றும் முகத்தில் புன்னகை காட்டாமல் நின்றதன் காரணம் இதுவே. அதைச் சிலர் மந்தபுத்தி என்று எழுதினர். நமக்கு அது மந்தபுத்தியாகத் தோன்றவில்லை.

1935-இல் ஆஜானுபாகுவான கார்னெராவையும், முன்னாள் சாம்பியன் மாக்ஸ் பேரையும் வீழ்த்தினார். 1936 ஜூன் 19-இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கைச் சந்தித்தபோது, எல்லாரும் முடிவு தெரிந்ததே என்றிருந்தனர். பயிற்சிக் காலத்தில் ஜோ கோல்ப் ஆட்டத்தில் மயங்கித் திரிந்தார். ஷ்மெலிங்கோ ஜோவின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இடக்கையால் குத்தியபின் அவர் அக்கையைத் தாழ விடுகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்த இடைவெளியில் வலக்கையை நுழைத்து, 12-ஆம் ரவுண்டில் ஜோவைச் சாய்த்தார். கறுப்பு மக்கள் வாழ்ந்த தெருக்களில் அன்றிரவு ஜனங்கள் அழுதனர்.

மறு வருஷம், 1937 ஜூன் 22-இல், சிகாகோவில் பிராடக்கை எட்டாம் ரவுண்டில் நாக் அவுட் செய்து ஜோ உலக ஹெவிவெயிட் சாம்பியனானார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும் வரை பட்டம் தமதென்று நினைக்கவில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1938 ஜூன் 22-இல், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் சுமார் 70,000 பேர் முன்னிலையில் அச்சண்டை நடந்தது. ஹிட்லர் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப்பெருமைக்கு விளம்பரமாக்கியிருந்தது. அவர் அக்கட்சியில் சேராதவர். அவருடைய மானேஜர் ஒரு யூதர். அதெல்லாம் அன்று எவர் காதிலும் விழவில்லை. 124 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. மூன்று முறை விழுந்த ஷ்மெலிங் முதுகெலும்பில் முறிவுடன் மருத்துவமனைக்குப் போனார். அந்தப் படச்சுருளை இன்று எவரும் கைபேசியில் காணலாம். தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும். தம் ஊர் ஓட்டல்களில் சமமாக உட்கார முடியாத ஒரு கறுப்பரின் வெற்றிக்காக, அன்று அமெரிக்க வெள்ளையரும் சேர்ந்து ஆரவாரித்தனர்.

அதன்பின் பட்டத்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக வென்றார். 11 வருஷம் 8 மாதம் பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காத்துக்கொண்டார். அவற்றுள் 1941 ஜூன் மாதம் நடந்த பில்லி கான் சண்டையை மட்டும் சொல்லலாம். எடையில் மிகக் குறைந்த கான் 12 ரவுண்டு வரை துள்ளி ஆடிப் புள்ளிக் கணக்கில் முந்தியிருந்தார். மிச்சமுள்ள மூன்று ரவுண்டுகளையும் ஒதுங்கியே கடத்தியிருந்தால் பட்டம் அவருடையது. அவரோ நாக் அவுட்டே செய்துவிடலாம் என்று நெருங்கிப் போனார். 13-ஆம் ரவுண்டு முடிய இரண்டு வினாடி இருக்கையில் ஜோ அவரை வீழ்த்தினார்.

இனி நாம் கணக்குக்கு வருவோம். பஞ்ச காலத்தில் பாரோ குடும்பம் டெட்ராய்ட் நகர நிர்வாகத்திடம் உதவிப் பணம் வாங்கியிருந்தது. கையில் பொருள் வந்ததும் ஜோ அத்தொகையைத் தாமாகவே திருப்பிக் கட்டினார். எவரும் கேட்கவில்லை, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 1942 ஜனவரி 9-இல் பட்டத்தைப் பணயம் வைத்துச் சண்டையிட்டு, கடற்படையினர் குடும்ப நிதிக்குச் சுமார் 47,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். அப்போது அந்தக் கடற்படையில் கறுப்பர்களைச் சமையற்கட்டு வேலைக்கும் பரிமாறுவதற்குமே எடுத்து வந்தனர்! மறுநாளே தரைப்படையில் சேர மனுச் செய்தார். மார்ச் மாதம் மீண்டும் சண்டையிட்டுப் படையினர் நிதிக்குச் சுமார் 36,000 டாலர் கொடுத்தார். அப்போது சாதாரணச் சிப்பாயாக அவர் பெற்ற சம்பளம் மாதம் 21 டாலர்.

படையில் 96 காட்சிச் சண்டைகள் ஆடிச் சுமார் 20 லட்சம் வீரர்களை மகிழ்வித்தார். அலபாமாவில் ஒரு முகாமில் கறுப்பருக்கென ஒதுக்கிய இடத்துக்குப் போக மறுத்து, சுகர் ரே ராபின்சனோடு காவலில் வைக்கப்பட்டார். ஜாக்கி ராபின்சன் முதலானோர்க்கு அதிகாரிப் பயிற்சியில் இடம் மறுக்கப்பட்டபோது, தமக்கு வாஷிங்டனில் தெரிந்தவர் மூலம் அக்கதவைத் திறக்கச் செய்தார். ஜோ வாய் திறவாத பணிவுக்காரர் என்று பிற்காலத்து இளைஞர் ஏசினர். முகம்மது அலியும் ஏசியதுண்டு. அவர்கள் இவற்றை எண்ணிப் பார்த்திருக்கலாம் என்பது நம் கருத்து.

யுத்தம் முடிந்தபின் வந்தது வருமான வரி. அவர் சண்டைகளில் ஈட்டிய தொகை மொத்தம் சுமார் 46 லட்சம் டாலர். அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சமே. மானேஜர்கள் பாதியை எடுத்துக்கொண்டனர். மீதியையும் கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தார். நஷ்ட வியாபாரங்களில் போட்டார். இது அவர் குற்றமே, மறைப்பதற்கில்லை. கணக்கு வைக்கத் தெரியாத கையில் பணம் நிற்காது. ஆனால், படை நிதிகளுக்குக் கொடுத்த தொகைகளையும் சர்க்கார் அவருடைய வருமானமாகவே எழுதி வரி போட்டது என்பதைப் படித்தபோது, நமக்குப் பேனா ஓடவில்லை. செலவுப் பக்கம் வெறுமையாக விடப்பட்ட பேரேட்டை நாம் மேலதிகாரியிடம் காட்டினால் நம் கதி என்ன ஆகும்?

1949 மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர், 1950-இல் 5 லட்சம் டாலருக்கு மேல் வரி பாக்கி என்ற ஓலையால் மீண்டும் கையுறை மாட்டினார். எஸ்ஸார்ட் சார்லஸிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26-இல் ராக்கி மார்சியானோ என்னும் இளைஞர், 37 வயது ஜோவை எட்டாம் ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளி விழச் செய்தார். சிறு வயது முதல் ஜோவைப் போற்றிய அந்த வெற்றி வீரர், உடை மாற்றும் அறையில் அழுதார். 1953-இல் தாய் இறந்தபோது மகனுக்கு விட்டுச் சென்ற 667 டாலரையும் வரி இலாகா எடுத்துக்கொண்டது. பாக்கி வட்டியோடு 10 லட்சத்துக்கும் மேல் வளர்ந்தது. ஜோ கூலிக்கு மல்யுத்தம் ஆடினார். பின்னர்தான் அதிகாரிகள், இனி ஈட்டுவதற்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று விட்டனர்.

கடைசி வருஷங்களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருவோரைக் கைகுலுக்கி வரவேற்பது அவர் உத்தியோகமாயிற்று. 1970-இல் சித்தம் கலங்கி, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற அச்சத்தால் மருத்துவமனையில் இருந்தார். தந்தைக்கு வந்தது மகனையும் தொட்டது. 1977-இல் இருதய சிகிச்சைக்குப்பின் சக்கர நாற்காலியே கதி.

அந்நாட்களில் பொருளுதவி செய்தவர்களுள் ஒருவர் மாக்ஸ் ஷ்மெலிங். யுத்தத்தில் பாராசூட் வீரராக இருந்து காயமுற்று, பின் குளிர்பான வியாபாரத்தில் செல்வந்தரான அவர், 1954-இல் அமெரிக்கா சென்று ஜோவைத் தேடிக் கண்டு நண்பரானார். 1938-இல் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவில், யூத நண்பரின் இரு மக்களைத் தம் அறையில் ஒளித்துக் காத்தவர் அவர் என்பது 1989-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

1981 ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு ஜோ சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு பட்டச் சண்டையைப் பார்த்தார். மறுநாள் மாரடைப்பால் காலமானார், வயது 66. ஈமச் செலவில் ஷ்மெலிங் ஒரு பகுதியை ஏற்றார். ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தியதால், படைவீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கோதாவில் அவர் விட்டுவிட்ட பாரோ என்ற குடும்பப் பெயரும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.