குண்டைத் தேடிய கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா ஆறாம் வகுப்புத் தம்பி கூட டக்குனு கிரகாம் பெல் என்று சொல்லிடுவான். ஆனால் மெட்டல் டிடெக்டருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பத்தாம் வகுப்பு அண்ணன்களே முழிப்பாங்க! அந்தக் கதைதான் இது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அண்ணன், தம்பி இரண்டு பேரையுமே காசநோய் கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்றணும் என்று 1870-ல் பெற்றோர் அவரைக் கனடாவுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆனார். 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். இதெல்லாம் நம்ம பாடப் புத்தகத்திலேயே வரும், அதனால் வேகமாகத் தாண்டிடலாம்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியலை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தானே! டாக்டர்கள் காயத்துக்குள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவினார்கள். கையைக் கூட சரியாகக் கழுவலையாம்!

செய்தி கேட்ட பெல், உலோகம் எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியுமே என்று யோசித்தார். இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் விட்டு விட்டு மின்சாரம் போகும். இன்னொன்றில் டெலிபோன் ரிசீவர் இணைந்திருக்கும். சுருள்களைச் சரியான நிலையில் வைத்தால் ரிசீவரில் சத்தமே வராது. பக்கத்தில் உலோகம் வந்தால் போதும், அந்தச் சமநிலை கெட்டு 'ர்ர்ர்' என்று கேட்கும். இன்றைக்கு இருக்கிற டிடெக்டர்களில் பலவும் கிட்டத்தட்ட இதே தத்துவம்தான்.

பெல் அவசரப்பட்டு ஓடவில்லை. டெயின்டர் என்ற உதவியாளருடன் இரவு பகலாகச் சோதித்தார். ஈரத் தவிட்டு மூட்டைக்குள்ளும் மாட்டிறைச்சிக்குள்ளும் குண்டை ஒளித்து வைத்துத் தேடினார். பழைய போரில் குண்டு பாய்ந்து, அது உடம்பிலேயே இருந்த வீரர்களிடமும் சோதித்துப் பார்த்தார். கருவி வேலை செய்தது!

ஜூலை 26-ல் வெள்ளை மாளிகைக்குப் போனார். அன்று ஒரு இணைப்பு தவறாகக் கொடுக்கப்பட்டதால் ஒரே இரைச்சல். ஆகஸ்ட் 1-ல் மறுபடியும் போனார். வலப்பக்கம் மெல்லியதாக ஏதோ கேட்டது, ஆனால் தெளிவாக இல்லை. தலைமை மருத்துவர் பிளிஸ் குண்டு வலப்பக்கம்தான் என்று அடித்துச் சொன்னவர். தேடலும் அந்தப் பக்கத்தைச் சுற்றியேதான் நடந்தது.

மறுநாள்தான் ஒரு விஷயம் தெரிந்தது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குக் கீழே இரும்புக் கம்பி மெத்தை ஒன்று இருந்திருக்கு! அதனால்தான் தோற்றார் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும். ஆனால் பெல் அதே மாதிரி மெத்தையை வாங்கிப் பார்த்துவிட்டு, அதனால் கெடுதல் இல்லை என்றே எழுதினார். குண்டு கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது என்பதே அவர் 1882-ல் சொன்ன காரணம். மணலில் சாவியைத் தொலைத்துவிட்டு டிடெக்டரோடு தேடுகிறவருக்கும் இதெல்லாம் பொருந்தும். முதலில் இன்னொரு சாவியைப் புதைத்து எவ்வளவு ஆழம் எட்டுது என்று பார்க்கணும். கையில் கிடக்கும் வளையலைக் கழற்றணும். யாரோ கை காட்டிய இடத்தை மட்டும் இல்லாமல் எல்லாப் பக்கமும் தேடணும்.

செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்து போனார். வயது 49. பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் கிடைத்தது. குண்டை விட, துழாவியதால் வந்த கிருமிதான் கொன்றது என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

இதற்கு நடுவே, ஆகஸ்ட் 15-ல் பெல்லுக்குக் குறைமாதத்தில் பிறந்த மகன் எட்வர்ட் மூச்சு விட முடியாமல் அன்றே இறந்துவிட்டான். பாவம்! அதற்குப் பிறகு அவர் செய்தது, மூச்சு விட உதவும் ஒரு காற்றுச் சட்டை. குண்டு தேடும் கருவியையும் விடவில்லை. உலோகத்தில் பட்டதும் ரிசீவரில் சத்தம் தரும் ஓர் ஊசியைச் செய்தார்.

1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் பெல் இறந்தார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தன.