நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர்

மேற்கு மலைத்தொடருக்குக் கிழக்கே, கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் நாட்டில், சங்கரன்கோவில் என்னும் தொன்மையான திருப்பதி உள்ளது. அரியும் அரனும் ஒன்றே என்று காட்ட இறைவன் ஒரு திருமேனியில் இரு கூறாய் நின்றருளும் தலம் அது. அதற்கு அணித்தே உள்ளது நெற்கட்டுஞ்செவல். இன்று அது சிற்றூர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பாளையத்தின் தலைநகர். 1715-ஆம் ஆண்டில் சித்திரபுத்திரத் தேவருக்கும் சிவஞான நாச்சியாருக்கும் மகவாய் அங்குத் தோன்றியவரே பூலித்தேவர்.

விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியாரின் சூழ்ச்சித்திறத்தால் மதுரை நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது. பாளையக்காரர் வரி தண்டினர், காவல் புரிந்தனர், வழக்குத் தீர்த்தனர், மன்னர் அழைத்தபோது படையொடு சென்றனர். 1736-இல் நாயக்கர் ஆட்சி மறைந்தது. ஆர்க்காட்டு நவாபு அந்நாட்டுக்கு உரிமை கொண்டாடினார். அவரோ ஆங்கிலக் கும்பினியாரிடம் பெருங்கடன் பட்டவர். ஆதலின், வரி தண்டும் உரிமையைக் கும்பினியார்க்கு விட்டுக்கொடுத்தார். வாணிகம் செய்ய வந்தவர்கள் வாளேந்தி வரி கேட்கத் தொடங்கினர்.

1755-ஆம் ஆண்டில் கர்னல் ஏரன் என்னும் ஆங்கிலத் தளபதி பெரும்படையொடு தெற்கே வந்தார். நவாபின் தமையனார் மாபூசுகானும், யூசுப்கானும் உடன் வந்தனர். நெற்கட்டுஞ்செவல் கோட்டையின்முன் படை நின்றது. திறை செலுத்துமாறு ஆணை வந்தது. பூலித்தேவர் அஞ்சவில்லை, அவசரப்பட்டு வெளியே வந்து போர் தொடுக்கவும் இல்லை. மதிலை உடைக்கத்தக்க பெரும்பீரங்கி பகைவரிடம் இல்லை என்பதையும், உணவும் பணமும் அவர்க்குக் குறைந்துவருவதையும் நன்கு அறிந்திருந்தார். ஆகவே கோட்டைக்குள் அமைதியாக இருந்தார். ஏரன் வெறுங்கையராய்த் திரும்பினார். பின்னர் அவர் படைமன்ற விசாரணைக்கு உள்ளாகிப் பதவியும் இழந்தார்.

வெற்றி பெற்றவர் பலர் அவ்வெற்றியிலேயே மயங்கிவிடுவர். பூலித்தேவர் அதன்பின்னரே ஆழ்ந்து எண்ணினார். அடுத்த முறை பகைவர் பீரங்கியொடு வருவர்; அப்போது தனிக்கோட்டை ஒன்று எத்தனை நாள் தாங்கும்? அண்டை பாளையக்காரரோ எல்லை பற்றியும் காவலுரிமை பற்றியும் தலைமுறை தலைமுறையாய்ப் பூசலிட்டு வந்தவர்கள். ஒருவர் கோட்டை இடிந்தால் மற்றவர் வாளாவிருப்பதே அந்நாளைய வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தார் அவர். மேற்குப் பகுதியின் மறவர் பாளையங்களுக்குத் தூது சென்றது. சிவகிரி நீங்கலாக ஏனைய மறவர் பாளையங்கள் அவரோடு சேர்ந்தன. தந்தையர் காலத்துப் பகையைத் தாண்டி ஒருவரை ஒருவர் நம்பச் செய்வது, கோட்டை கட்டுவதினும் கடிய வேலை. அதனை அவர் செய்து முடித்தார்.

கூட்டணி தம் இனத்தோடு நிற்கவேண்டும் என்றும் அவர் கருதவில்லை. மதுரைப் பகுதியில் முன்னர் அதிகாரம் செலுத்திய மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்னும் மூவரையும் நட்பாக்கினார். திருவிதாங்கூர் மன்னரின் துணையையும் நாடினார். அங்கிருந்து 2000 வீரர் வந்து சேர்ந்தனர். களக்காட்டில் நிகழ்ந்த போரில் மாபூசுகானின் படை தோற்றது. ஆயினும் 1756-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருநெல்வேலி அருகே நடந்த போரில் முடேமியா மாண்டார். பூலித்தேவர் பின்வாங்க நேர்ந்தது. வியப்புக்குரிய செய்தி பிறகு நிகழ்ந்தது. தம்மீது படையெடுத்து வந்த அதே மாபூசுகான், தம்பியாகிய நவாபோடு மனம் வேறுபட்டு வந்தபோது, பூலித்தேவர் அவருக்குப் புகலிடம் தந்து தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஐதரலியின் உதவியையும் வேண்டினார். மராத்தியரோடு பொருதுகொண்டிருந்த ஐதரலியால் வர இயலவில்லை.

ஆனால் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் இக்கூட்டணியில் சேரவில்லை. அது பெருங்குறையாயிற்று. யூசுப்கான் இக்குறையைக் கூர்ந்து நோக்கினார். கோட்டையை உடைக்குமுன் நட்பை உடைக்கவேண்டும் என்று கண்டு, 1759-இல் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூர்க்கு விட்டுக்கொடுத்து அம்மன்னரைத் தம்பால் இழுத்துக்கொண்டார். நேற்றைய துணைவர் இன்றைய பகைவராயினர்.

அவ்வாண்டின் இறுதியில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார். உள்ளிருந்தோர் எதிர்த்துப் பொருதுகொண்டிருக்க, பூலித்தேவர் வெளியிலிருந்து வந்து முற்றுகைப்படையின்மீது பாய்ந்தார். யூசுப்கான் முற்றுகையை விட்டு நீங்கினார். திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரும்பீரங்கிகளும் வெடிமருந்தும் வரும்வரை அவர் 1760 செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் நெற்கட்டுஞ்செவலின் மதில்கள் ஏறத்தாழ இரண்டு திங்கள் குண்டுகளைத் தாங்கின. வெறும் மண்ணால் எழுப்பிய மதில்கள் அவை! 1761 மே 16-ஆம் நாள் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன. பூலித்தேவர் இராமநாதபுரச் சீமையிலுள்ள கடலாடிக்குச் சென்றார்.

யூசுப்கானின் முடிவும் ஈண்டு அறியத்தக்கது. கும்பினிக்காகப் பாளையங்களை அடக்கிய அவரே பின்னர் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார்; 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அக்காலத்தில் பூலித்தேவர் மீண்டும் தம் மண்ணுக்கு வந்து, சிதறிய வீரரைத் திரட்டினார். 1767-இல் டொனால்டு காம்பெல் என்னும் தளபதி வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். பீரங்கி பிளந்த இடங்களை உள்ளிருந்தோர் பனைமரத்தாலும் வைக்கோலாலும் உடனுக்குடன் அடைத்து எதிர்த்தனர். எனினும் அக்கோட்டையும் கைவிட்டுப் போயிற்று.

பூலித்தேவரின் இறுதியைப் பற்றி நாட்டில் வழங்கும் செய்தி ஒன்று உண்டு. சிறைப்பட்டுச் சென்ற வழியில் சங்கரன்கோவில் இறைவனை வழிபட அவர் இசைவு வேண்டினாராம். காவலர் சூழ உள்ளே சென்றவர் பின்பு வெளியே வரவில்லையாம். அவர் தூக்கிலிடப்பட்டார் என்பாரும் உளர். அரியும் அரனும் ஓருருவாய் நின்ற அத்திருக்கோயிலில், பூலித்தேவர் அறை என்று ஓரிடத்தை மக்கள் காட்டுகின்றனர்.