குட்டைத் தண்ணியைப் படித்த டாக்டர்

மழை விட்டதும் தேங்கிக் கிடக்கிற குட்டையைக் குனிந்து பாருங்கள். நெளிகிற சின்னப் புழுக்கள் தெரியும். சில தலைகீழாகத் தொங்கும். அவை வேறு கொசுக்கள். தண்ணி மட்டத்தோடு படுத்துக் கிடப்பதுதான் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு. இந்தப் புழுக்களோடு மல்லுக்கட்டியவர்தான் டாக்டர் மால்கம் வாட்சன்.

1873-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1900-ல் மலாயா வந்தார். மறு ஆண்டு கிள்ளானில் வேலை. வந்த நேரம் பொல்லாத நேரம். 1901 செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை (இன்றைய போர்ட் கிள்ளான்) இரண்டே மாதத்தில் மூட வேண்டிய நிலைக்கு மலேரியா கொண்டுவந்தது. கொசுதான் இந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் வழி கண்டு அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பலர் நம்பவில்லை. வாட்சன் நம்பினார். காட்டை வெட்டி, அல்லூர் தோண்டி, சதுப்பு நீரை வடிய வைத்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-ல் 368 உயிர்களைக் குடித்த காய்ச்சல், 1902-ல் 59 பேரோடு அடங்கியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேட்டு நிலத்து ரப்பர் தோட்டங்களிலும் அதே மாதிரி காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடிவிட்டது! லயங்களில் நம் ஜனங்கள் கொய்னா தின்று தின்று காது அடைத்துக் கிடந்தார்கள். பாவம், என்ன செய்வார்கள்?

வாட்சன் மறுபடி தண்ணியைத்தான் பார்த்தார். கொசு ஒரே ஜாதி இல்லை. கடலோரத்து நிழல் குட்டையில் வளர்வது அம்புரோசஸ். வெயில் பட்டால் அதற்கு ஆகாது. மலையோரத்தில் வெயில் விழும் தெளிந்த ஓடையில் வளர்வது மக்குலேட்டஸ். மரத்தை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். நம் வீட்டுப் பிள்ளைகள் போலத்தான், ஒருத்தனுக்குப் பிடித்தது இன்னொருத்தனுக்குப் பிடிக்காது. ஆகவே ஓரிடத்தில் நிழலை நீக்கினார். வேறிடத்தில் நீரூற்றைக் குழாய் புதைத்து மண்ணுக்குள் ஓட விட்டார். முடியாத இடத்தில் எண்ணெய் தெளிக்கச் செய்தார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் காய்ச்சல் பரப்புகிற ஜாதியை மட்டும் பிடித்தால் போதும் என்பது அவர் முறை. என்னைக் கேட்டால், துறைமுகத்தைக் காப்பாற்றியதைவிட இதுவே பெரிய காரியம்.

1924-ல் சர் பட்டம் பெற்றார். 1928-ல் மலாயாவை விட்டு லண்டன் ராஸ் நிலையத்துக்குப் போய், 1955-ல் காலமானார்.

ஜொகூர் பாருப் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து அல்லூரில் எண்ணெய் தெளிக்கப் போனவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த வேலையைச் செய்த கைகளில் நம்மவர்களின் கைகள் நிறைய.