ஆகத்தாவும் ஆயித்தாவும்

இத்தாலிக்குத் தெற்கேயுள்ள சிசிலித் தீவின் கீழ்க்கரையில், எற்னா எரிமலையின் அடிவாரத்தே கத்தானியா என்னும் நகரம் உளது. அந்நகரின் காவற் புனிதையாகிய அம்மையாருக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஏட்டிலுள்ள இத்தாலிய மொழியில் அவர் ஆகத்தா. தெருவிற் பேசும் சிசிலிய மொழியில் அவர் ஆயித்தா. இவற்றுள் எது செம்மையுடையது என்னும் ஐயமே அவர் சரிதத்தினை நான் எழுதப் புகுந்தமைக்குக் காரணம்.

ஆகத்தா என்பது கிரேக்கச் சொல். நல்லாள் என்பது பொருள். கத்தானியா பண்டைக் கிரேக்கர் குடியேறிய நகராதலின் அங்கே அப்பெயர் வழங்கியது வியப்பன்று. உரோமப் பேரரசன் தேசியு கிறித்தவரை ஒறுத்த காலத்தில், ஆளுநன் குயிந்தியானு அம்மையாரை மணக்க விரும்பினான் என்றும், இறைவனுக்கே தம்மை ஒப்புவித்திருந்த அவர் மறுத்தார் என்றும் மரபுரை கூறும். அவன் செய்தவற்றை எழுதக் கை கூசுகின்றது. மார்பினை அறுப்பித்தான், தீக்கங்குகளின்மேற் புரட்டுவித்தான். கி.பி. 251 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் நாள் அவர் சிறையிலே உயிர் துறந்தார். அவர் தம்மூரிற் பிறந்தவரே எனப் பலேர்மோ நகரத்தாரும் உரிமை கொண்டாடுவர். பெரியோருக்குப் பல ஊர்கள் போட்டியிடுவது நம் நாட்டுப் புலவர் வரலாறுகளிலும் காண்பதே.

மறு ஆண்டு எற்னா தீக்குழம்பைக் கக்கியது. அம்மையாரின் முகத்திரையை ஏந்தி மக்கள் எதிர்சென்றனர் என்றும், குழம்பு நின்றது என்றும் கூறுவர். அன்று தொட்டு அவர் ஊர்க்காவலரானார். 1040 ஆம் ஆண்டில் பைசாந்தியத் தளபதி மணியாக்கிசு அவருடைய திருவுடலைக் கொன்சுதாந்திநோப்பிளுக்குக் கொண்டு சென்றான். வீரர் இருவர் 1126 இல் அதனை மீட்டு வந்தனர்.

இனிப் பெயருக்கு வருவோம். கிரேக்கத்தின் மூச்சொலி இத்தாலியத்தில் ஒழிந்தது. சிசிலியர் வாயிலோ இடைநின்ற ககரம் யகரமாய் நெகிழ, அதனைத் தொடர்ந்த அகரமும் இகரமாய்க் குறுகியது. பூனையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதற் ககரமும் அவர்களிடத்தே யகரமாவதை நோக்குக. ஆதலின் இது கல்லாதார் பிழையன்று; அம்மொழியின் நெறி. பகுதி பாதியாகவும், பெருமகன் பெருமானாகவும், அகப்பை ஆப்பையாகவும் நம்மிடையே ககரம் கரைந்ததும் இத்தகையதே. பெருமான் என்று இறைவனை விளிக்கும்போது இலக்கணம் பிழைத்தோம் என எவரேனும் நாணுகின்றனரா? நன்னூலார் மரூஉவை வழுவினுள் வைத்திலர். இயல்பு வழக்கினுள்ளேயே வைத்தார். அதனை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், ஆப்பை என எழுதிய மாணவன் ஒருவனுடைய கட்டுரையிற் சிவப்பு மையாற் கோடிட்டேன். அவன் ஏன் என்று கேட்டிலன். கேட்டிருப்பின் விடை கூறியிரேன்.

பெப்ரவரி 3 முதல் 5 வரை கத்தானியாவில் விழா. வெள்ளங்கியும் கருந்தொப்பியும் அணிந்த அடியார்கள் அம்மையாரின் வெள்ளித் தேரை வடம்பிடித்து இழுப்பர். 1126 இல் திருவுடல் மீண்ட இரவில் ஊரவர் துயிலுடையோடே ஓடிவந்தமையின் அறிகுறியே அவ்வெள்ளங்கி என்பர். விழா அறிவித்தலில் ஆகத்தா என்றே அச்சிடுவர். வடத்தைப் பற்றியிருக்கும் முதியோர் வாயிலோ அவர் ஆயித்தா.