அருள்வழி நின்ற அருளானந்தர்

பாம்பன் கால்வாய் குறுகியது, பாறைகள் நிறைந்தது. அதனூடே கலம் செலுத்துவோர் தம் ஆற்றலை மட்டுமே நம்பிச் செல்லார். வழியறிந்தவரின் துணை கொண்டே கடப்பர். மனித வாழ்க்கையும் அத்தகையதே. எவ்வழிச் செல்வது என்று உள்ளம் தடுமாறும் வேளையில், இறைவன் திருவருளையே துணையாகக் கொண்டு நடந்த பெரியோர் பலர் ஆவர். அவருள் ஒருவர், பாம்பனையும் சேதுவையும் காத்த சேதுபதி மன்னரின் நாட்டிலே தம் இன்னுயிரை ஈந்த அருளானந்தர்.

பிறப்பும் இளமையும்

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ என்பதாகும். அவர் போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில், 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று உயர்குடியிற் பிறந்தார். அரசரிடம் பெரும்பதவி வகித்த தந்தையார், மைந்தரின் இளம்பருவத்திலேயே இறந்தார். சிறுவர் அரண்மனையில் வளர்ந்தார். இளவரசர் பெத்ரோ அவருக்கு விளையாட்டுத் தோழரானார்.

ஒருகால் கொடிய நோய் ஒன்று அச்சிறுவரைப் பற்றியது. உயிருக்கே இடுக்கண் நேர்ந்தது. கலங்கிய தாயார் புனித சவேரியாரை வேண்டி, மகன் பிழைத்தெழுந்தால் இயேசு சபைத் துறவியரின் உடையை ஓராண்டு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். நோய் நீங்கியது. சிறுவர் அரண்மனை உடையைக் களைந்து துறவியரின் அங்கியைப் பூண்டார். ஓராண்டுக்கென அணிந்த அவ்வுடை, அவர் உள்ளத்தை வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டது.

இறைவனின் அழைப்பு

1662ஆம் ஆண்டு, பதினைந்தாம் அகவையில், அவர் இயேசு சபையிற் சேர்ந்தார். ஆண்டுதோறும் சில நாள் பிற பணிகளை ஒதுக்கித் தனித்திருந்து, தம் குறைகளைத் தாமே ஆராய்ந்து, இறைவன் திருவுள்ளம் யாதென வினவி, உள்ளத்தைப் புதுப்பித்துக்கொள்வது அச்சபையினர் வழக்கம். இப்பயிற்சியில் தோய்ந்த இளந்துறவியின் உள்ளத்தில், சவேரியார் தொண்டாற்றிய தமிழகத்துக்குச் செல்லவேண்டும் என்னும் வேட்கை வலுப்பெற்றது.

1673ஆம் ஆண்டில் அவர் குருப்பட்டம் பெற்றார். தமிழகம் செல்ல அவர் முனைந்ததை அறிந்த தாயார் பெரிதும் வருந்தினார். திருத்தந்தையின் தூதரையும் அணுகி, மகனைத் தடுக்குமாறு வேண்டினார். முன்னர் மகனின் உயிரை இறைவனிடம் வேண்டிப் பெற்ற அன்னை, இப்போது அம்மகனை இறைவன் பணிக்கு விடுக்க இயலாது தவித்தார். தாயின் துயரை மைந்தர் அறியாதவர் அல்லர். ஆயினும் தம்மை அழைப்பவன் இறைவனே என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. எனவே அவ்வாண்டே கப்பலேறிக் கோவாவை அடைந்தார். மறு ஆண்டில் மலைத்தொடரைக் கடந்து தமிழகம் புகுந்தார்.

தமிழ்த் துறவி

தமிழகத்தில் அவர் தமிழராகவே வாழ முற்பட்டார். தமிழ் மொழியைக் கற்றார். அருளானந்தர் என்னும் பெயரை ஏற்றார். காவி உடையும் தலைப்பாகையும் அணிந்தார். புலாலைத் தவிர்த்து எளிய உணவை உண்டார். மதுரையில் அவருக்கு முன்னர்த் தொண்டாற்றிய தத்துவ போதகர் உயர்குலத்தாரின் துறவுக்கோலம் பூண்டிருந்தார். அருளானந்தரோ எல்லாக் குலத்தாரும் எளிதில் அணுகக்கூடிய பண்டார சாமியின் கோலத்தை மேற்கொண்டார். வெயிலையும் மழையையும் பாராது, ஊர்தோறும் நடந்து சென்று நற்செய்தியை அறிவித்தார்.

1686ஆம் ஆண்டில் அவர் மறவர் நாட்டிலே பிடிபட்டார். அவரும் உடன்சென்ற தொண்டரும் கடுமையாக வதைக்கப்பட்டனர். பின்னர் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதியின் முன்னிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மன்னர் அவருடைய சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்து, அவரை விடுதலை செய்தார். ஆயினும் தம் நாட்டில் மீண்டும் போதித்தலாகாது என ஆணையிட்டார்.

மீண்டும் ஒரு சோதனை

அதன்பின் சபையின் அலுவல் காரணமாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1688ஆம் ஆண்டில் லிஸ்பனை அடைந்தார். இளமைத் தோழர் பெத்ரோ அப்போது நாடாளும் மன்னராய் விளங்கினார். அவர் அருளானந்தரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பினார். ஒருபால் நண்பரின் அன்பும் தாய்நாட்டின் பாதுகாப்பும் இருந்தன. மறுபால் வதையும் மரணமும் காத்திருந்தன. அருளானந்தர் மீண்டும் இறைவன் திருவுள்ளத்தையே நாடினார். அரண்மனை சூழ்ந்த அந்நகரிலும் தமிழகத்தில் உண்ட எளிய உணவையே உண்டு வந்தவருக்கு ஐயம் எழவில்லை. மன்னரிடம் மன்றாடி விடைபெற்று, 1690ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பினார். பின் மறவர் நாட்டை மீண்டும் அடைந்தார்.

தடியத்தேவரின் மாற்றம்

அந்நாட்டிலே தடியத்தேவர் என்னும் அரசகுலத் தலைவர் தீராநோயால் வருந்தினார். அருளானந்தர் அனுப்பிய தொண்டர் ஒருவர் அவருக்காக இறைவனை வேண்டினார். நோய் நீங்கவே, தேவர் கிறித்தவ நெறியைத் தழுவ விழைந்தார். மனைவியர் பலரை உடைய அவர், ஒருத்தியோடு மட்டுமே வாழ்தல் வேண்டும் என்று அருளானந்தர் தெளிவாக உரைத்தார். நெறியை ஏற்பது பெயரை மாற்றுவதன்று, வாழ்வையே புதுப்பிப்பது என்பது அவர் கொள்கை. தேவர் உடன்பட்டு, 1693ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் தன் துயரை மன்னரிடம் முறையிட்டாள். தம் ஆணை மீறப்பட்டதும், தம் குலமகள் துன்புற்றதும் மன்னரின் சினத்தை மூட்டின. அருளானந்தர் சிறைப்பட்டார். தலைநகரில் அவரைக் கொன்றால் குழப்பம் விளையும் என்று கருதிய மன்னர், அவரை ஓரியூருக்கு அனுப்பினார்.

ஓரியூர்

ஓரியூர்ச் சிறையில் தம் முடிவை அறிந்த அருளானந்தர் அஞ்சவில்லை. கரியை நீரிற் குழைத்து மையாக்கி, உடன் துறவியர்க்கு மடல் எழுதினார். இறப்பை மகிழ்வோடு எதிர்நோக்குவதாக அதில் தெரிவித்தார். 1693ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் நான்காம் நாள், கொலைக்களத்தில் முழந்தாளிட்டு இறைவனை வேண்டினார். பின்னர் அவர் தலை வாளால் வெட்டுண்டது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்தைந்து.

1947ஆம் ஆண்டில் உரோமாபுரியில் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார். இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் அவர் பெயரால் திருத்தலம் விளங்குகின்றது. அங்குள்ள மண்ணின் செந்நிறத்தை அவர் சிந்திய குருதியோடு இணைத்து மக்கள் போற்றுகின்றனர். பல சமயத்தாரும் அத்தலத்தை நாடி வருகின்றனர்.

தாயின் கண்ணீரும், மன்னரின் நட்பும், சிறையின் கொடுமையும் அருளானந்தரை எதிர்கொண்டன. ஒவ்வொரு முறையும் அவர் தமக்கு எளிது எது என்று வினவவில்லை. இறைவன் விரும்புவது எது என்றே வினவினார். அவ்வினாவே அவர் உள்ளத்தை நாளும் புதுப்பித்தது. அவர் வாழ்க்கைக் கலத்தை இறுதிவரை நெறி பிறழாது செலுத்தியது.